நேராக நில்லுங்கள் என்றால் எப்படி நிற்பது? சேர்ந்திசை நிலையும் அன்றாடப் பழக்கங்களும்

ஆல்டோ இரண்டாம் வரிசை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஏழு மாதங்களாக ஆல்டோ (பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி) பாடி வருகிறேன். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒத்திகை நடக்கும். பாடுவதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை, நிற்பதில்தான் சிரமம். எங்கள் மாஸ்டர் ஓர் ஒத்திகைக்குள் பத்து முறையாவது “நேராக நில்லுங்கள்” என்று சொல்லிவிடுவார். சொன்ன உடனே நான் மார்பை முன்னே தள்ளி, தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முழங்கால்களை விறைத்துக்கொண்டு நிற்பேன். அரை மணி நேரத்தில் கீழ்முதுகு கடுக்கத் தொடங்கும். மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது தொண்டையை யாரோ பிடித்துக்கொண்டது போல இருக்கும். அப்போது மாஸ்டர் என்னைப் பார்த்து “இறுக்கத்தை விடுங்கள்” என்பார். நேராகவும் நிற்க வேண்டும், இறுக்கமும் கூடாது என்றால் எப்படித்தான் நிற்பது?

இரண்டாவது கேள்வியும் இதோடு ஒட்டியதுதான். நிமிர்ந்து நின்றாலே மனத்தில் மகிழ்ச்சி கூடும் என்றும், எதையும் 21 நாள்கள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றும் என் தோழி அடித்துச் சொல்கிறாள். குழுவில் சேர்ந்த பிறகு நான் முன்னைவிட மகிழ்ச்சியாக இருப்பது உண்மை. அது நிற்பதால் வந்ததா, பாடுவதால் வந்ததா, நான்கு பேரோடு சேர்ந்ததால் வந்ததா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் உதவும் எளிய பழக்கங்கள் இருந்தால் அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

பழைய மாஸ்டர்

சகோதரி, உங்கள் மாஸ்டர் சொல்வது சரிதான். சொல்லும் விதத்தில்தான் குறை இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அதே இரண்டு சொற்களைச் சொல்லிச் சொல்லி, எதிரே நிற்பவர்களை அணிவகுப்புச் சிப்பாய்களாக மாற்றியிருக்கிறேன். “நேராக” என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர்கள் முதுகைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் நிலை தரையிலிருந்து தொடங்குகிறது.

பாதங்களை இடுப்பு அகலத்துக்குப் பிரித்து வையுங்கள். ஒரு பாதம் அரை அடிக்கும் குறைவாக முன்னே இருக்கலாம். உடல் எடை குதிகாலில் மட்டும் குந்தியிருக்காமல் முன்பாதம்வரை பரவியிருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நின்ற இடத்திலேயே குதிகால்களை ஒரு தாள் நுழையும் அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். உடலை முன்னே சாய்க்காமல் உயர்த்த முடிந்தால் எடை சரியான இடத்தில் இருக்கிறது. முதலில் முன்னே சாய வேண்டியிருந்தால் இவ்வளவு நேரமும் பின்னால் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். முழங்கால்களை வளைக்க வேண்டாம், ஆனால் பூட்டவும் வேண்டாம். பக்கத்திலிருப்பவர் தற்செயலாக இடித்தால் நீங்கள் மரம் போல ஆடாமல் நாணல் போல அசைந்து திரும்ப வேண்டும்.

இடுப்பைப் பொறுத்தவரை, பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்பதும் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பதும் ஒரே அளவு கெடுதல். உயரமான குதிகால் வைத்த காலணி அணிந்தால் எடை முன்னே போய், அதை ஈடுகட்டக் கீழ்முதுகு வளைந்துவிடும். உங்கள் வலிக்கு அதுவும் காரணமா என்று பாருங்கள். ஒத்திகைக்கு மட்டுமாவது தட்டையான காலணி அணியுங்கள்.

மார்பைப் பற்றித்தான் அதிகத் தவறு நடக்கிறது. மார்பெலும்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்காக மூச்சை உள்ளே இழுத்து மார்பைத் துருத்தக் கூடாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தலைக்கு மேல் மெதுவாக உயர்த்துங்கள், மார்பு தானாக எழும். அந்த உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கைகளை மட்டும் இறக்கி, தோள்களைத் தொங்கவிடுங்கள். மூச்சு வெளியேறும்போதும் அந்த உயரம் குலையாமல் இருந்தால் போதும். தோள்களைப் பின்னுக்கு இழுக்கும் வேலையே தேவையில்லை. இழுத்தால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் இறுகி, பின்பக்க விலாக்கள் விரிய இடமில்லாமல் போகும். உங்கள் முதுகுக்கடுப்புக்கும் தொண்டை இறுக்கத்துக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசி வரிசை பேஸ்

முழங்காலைப் பூட்டாதீர்கள் என்று ஐயா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நான் கொட்டை எழுத்தில் எழுத விரும்புகிறேன்.

ஒரு நிகழ்ச்சியில் மேடைப் படியின் உச்சியில், சூடான விளக்குகளின் கீழே, முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். விறைப்பாக நிற்பதுதான் ஒழுங்கு என்று அப்போது எண்ணியிருந்தேன். முதலில் காதுகளில் பஞ்சு அடைத்தது போல இருந்தது. அடுத்து இசைத்தாளின் கோடுகள் ஓரங்களிலிருந்து சாம்பல் நிறமாக மங்கி வந்தன. என் பக்கத்தில் நின்ற டெனர் (ஆண்களின் உயர்ந்த குரலில் பாடுபவர்) பிறகு சொன்னார், நான் பாடுவதை நிறுத்தவே இல்லையாம், வாய் திறந்தபடியே சாய்ந்தேனாம். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் படியின் பின்பக்கமாக விழுந்திருப்பேன். அன்று மதியம் நான் சாப்பிடவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எலும்பும் தசையும்

இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன், ஒரு சிறிய குழுவில் பாடவும் செய்கிறேன். மேலே நண்பருக்கு நேர்ந்தது எல்லாக் குழுக்களிலும் அவ்வப்போது நடப்பதுதான். நாம் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கப் பார்க்கும். கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியும்போது அந்த இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் அவற்றை இரண்டாவது இதயம் என்பார்கள். அசையாமல் விறைத்து நின்றால் அந்தப் பம்பு வேலை செய்யாது, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். வெப்பமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் மயக்கம் விரைவில் வரும். ஆகவே நீண்ட பகுதிகளில் காலணிக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி விரியுங்கள், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் மாற்றுங்கள். பார்வை மங்கத் தொடங்கினால் கௌரவம் பார்க்காமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள். மயங்கியவரைத் தூக்கி நிறுத்த வேண்டாம். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவதே முதல் உதவி. சில நொடிகளில் தெளியாவிட்டாலோ, அடிக்கடி நேர்ந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனித் தலை. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது முதுகெலும்பின் உச்சியில், இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள ஒரு மூட்டில் அமர்ந்திருக்கிறது. முகவாய் முன்னே நீண்டால் அந்த எடையைப் பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தாடையும் நாக்கின் அடிப்பகுதியும் குரல்வளையும் ஒன்றோடொன்று தசைகளால் கட்டப்பட்டவை என்பதால் அந்த இழுப்பு குரலிலும் கேட்கும். நம்ப முடியாவிட்டால் இப்போதே சோதித்துப் பாருங்கள். வசதியான ஒரு சுருதியில் “ஆ” என்று நீட்டிக்கொண்டே, முகவாயை மெதுவாக ஆமையைப் போல முன்னே நீட்டுங்கள், பிறகு பின்னே கொண்டு வாருங்கள். ஒலி தட்டையாகி, ஓரிடத்தில் திறந்துகொள்வது உங்கள் காதுக்கே தெரியும். அந்தத் திறந்த இடம்தான் உங்கள் தலை இருக்க வேண்டிய இடம். தலையில் சுமை வைத்து நடப்பவரைக் கவனித்தால், அவர் முகவாயைத் தூக்குவதும் இல்லை, தோளை இறுக்குவதும் இல்லை.

இதைத் தன் உடலிலேயே கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர். மேடையில் கவிதை ஓதுபவரான அவருக்கு அடிக்கடி குரல் கம்மிப்போனது. கண்ணாடிகளின் முன் நின்று பொறுமையாகத் தன்னைக் கவனித்தபோது, வாயைத் திறக்கப் போகும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்துக் குரல்வளையை அமுக்குவதைக் கண்டார். அவர் பெயரில் வழங்கும் பயிற்சி முறை இன்றும் இசைக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. அவர் கண்டது புதிய நிலை ஒன்றை அல்ல, தான் செய்துகொண்டிருந்த தேவையற்ற வேலை ஒன்றை என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

ஆல்டோ இரண்டாம் வரிசை

ஆமைச் சோதனையைச் செய்து பார்த்து நானே சிரித்துவிட்டேன். இத்தனை மாதங்களாக ஆமையாகத்தான் பாடியிருக்கிறேன். ஒரு துணைக்கேள்வி: “வயிற்றிலிருந்து பாடுங்கள், உதரவிதானத்தால் தள்ளுங்கள்” என்கிறார்களே, அதற்கு நிலை எப்படி உதவும்?

பழைய மாஸ்டர்

அந்த வாக்கியத்தைச் சொல்லாத மாஸ்டர் இல்லை, அதன் பொருளை விளக்கிய மாஸ்டரும் அதிகம் இல்லை. உதரவிதானம் நுரையீரல்களுக்குக் கீழே கூடாரம் போலக் கவிந்திருக்கும் தசை. அது சுருங்கும்போது கீழே இறங்கித் தட்டையாகும், அப்போது மூச்சு உள்ளே வரும். அதாவது அது மூச்சை இழுக்கும் தசை, தள்ளும் தசை அல்ல. அது இறங்கும்போது வயிற்றிலுள்ள உறுப்புகள் கீழேயும் முன்னேயும் நகர்வதால்தான் வயிறு புடைக்கிறது. பாடும்போது நாம் செய்ய வேண்டியது, விலாக்கள் உடனே சரிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, வயிற்றுத் தசைகளால் காற்றைச் சிக்கனமாகச் செலவழிப்பது. இத்தாலியப் பாடல் மரபில் இதற்கு அப்போஜியோ என்று பெயர், சாய்ந்து தாங்குதல் என்று பொருள் கொள்ளலாம்.

ஆகையால்தான் வயிற்றை உள்ளிழுத்து நிற்பவருக்கு மூச்சு போதாது. கூடாரம் இறங்க இடமில்லாதபோது தோள்கள் மேலே எழும்பிக் காற்றுக்குத் தவிக்கும். “ஸ்” என்ற ஒலியைச் சீராக நீட்டிப் பழகுங்கள். எத்தனை நொடி வந்தது என்று பெருமைப்பட வேண்டாம், முதல் நொடியும் கடைசி நொடியும் ஒரே அளவில் ஒலித்தனவா என்று மட்டும் கவனியுங்கள். குழுவில் பாடுபவருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. நீண்ட தொடரில் பக்கத்திலிருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தைத் தவிர்த்து வேறிடத்தில் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். சொல்லின் நடுவில் மெல்ல விலகி மெல்லச் சேர்ந்தால் கேட்பவருக்குத் தெரியாது.

சந்தேகப் பேர்வழி

நிலையைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் நன்று. மகிழ்ச்சியைப் பற்றித் தோழி சொன்னதை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம்.

உடலை விரித்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்களே மாறித் தன்னம்பிக்கை பிறக்கும் என்று 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்து உலகமெங்கும் பரவியது. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015-இல் 200 பேரை வைத்து மீண்டும் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. சற்று வலிமையாக உணர்ந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரே 2016-இல் அந்த விளைவில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். ஆகவே பாடுவதற்காகவும் முதுகு வலிக்காமல் இருப்பதற்காகவும் நன்றாக நில்லுங்கள். மகிழ்ச்சி பொத்தானை அழுத்தியதாக எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

அந்த 21 நாள் கணக்கும் அப்படியே. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள்கள் ஆவதாக 1960-இல் எழுதினார். “குறைந்தது” என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நிகழும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதிலேயே உண்டு.

பாடுவதற்கு என்று பார்த்தால் சான்றுகள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. ஃபிராங்க்பர்ட் நகரில் ஓர் அமெச்சூர் குழுவை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், பாடிய நாளில் உமிழ்நீரில் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதம் உயர்ந்தது, மனநிலையும் தெளிந்தது. அதே இசையைக் கேட்க மட்டும் செய்த நாளில் அவ்வாறு ஆகவில்லை. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013-இல், சேர்ந்து பாடுபவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதைக் கண்டார்கள். மாயம் ஒன்றுமில்லை, ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் துடிப்பும் ஒரே போல ஏறி இறங்குகிறது. ஆக்ஸ்போர்டில் 2015-இல் வெளியான ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பாடல் வகுப்பிலும் கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் முன்பின் அறியாதவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏழு மாத முடிவில் எல்லாக் குழுவினரும் ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். எனவே நீங்கள் கேட்ட மூன்றில், நாலு பேரோடு சேர்ந்ததற்கே என் வாக்கு, பாடல் அதை விரைவுபடுத்தியிருக்கிறது.

சக்கர நாற்காலி டெனர்

இந்த இழை முழுக்க நிற்பதைப் பற்றியே போகிறது. நான் உட்கார்ந்தே பாடுபவன். ஒத்திகையில் நீங்களும் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள். முதுகைச் சாய்மானத்தில் போடாமல் இருக்கையின் முன்பாதியில் அமருங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் இருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம். முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் நல்லது. உட்காரும் எலும்புகள் என்று இடுப்பின் அடியில் இரண்டு மேடுகள் உண்டு. கைகளை அடியில் கொடுத்தால் தட்டுப்படும். அவற்றின் மேல் நேராக எடை விழுந்தால் முதுகைத் தூக்கிப் பிடிக்கும் வேலையே இருக்காது. என்னைப் போல முன்னே நகர்ந்து அமர முடியாதவர்கள் கீழ்முதுகுக்குப் பின்னால் ஒரு சிறிய மெத்தையை வைத்துக்கொள்ளலாம், நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பாட வேண்டும். பிரேக் போடாமல் உச்சஸ்தாயியில் பாடி, மெல்ல சொப்ரானோக்களிடம் (பெண்களின் உயர்ந்த குரலில் பாடுபவர்களிடம்) உருண்டு போன அனுபவம் எனக்கு உண்டு.

முதல் வரிசை சொப்ரானோ

சந்தேகப் பேர்வழி அவர்களின் ஆய்வுகளை மறுக்க வரவில்லை. எனக்கு உதவியவை ஆய்வில் இல்லாத சில்லறைப் பழக்கங்கள் என்பதால் எழுதுகிறேன்.

புதிய பழக்கத்துக்குத் தனி நேரம் ஒதுக்கினால் எனக்கு நான்கு நாளில் விட்டுப்போகும். ஏற்கெனவே நடக்கும் ஒன்றின் வாலில் கட்டினால்தான் நிற்கிறது. பல் துலக்கும்போது இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். குளிக்கும்போது உதடுகளை “ப்ர்ர்” என்று அதிரவிட்டுக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் சறுக்குவேன். குரல் நாண்களுக்கு அது மென்மையான சூடேற்றல். கைபேசியைக் குனிந்து பார்க்காமல் கண் உயரத்துக்குத் தூக்கிக்கொள்வேன். தொண்டையைக் கனைப்பதற்குப் பதிலாக ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவேன். தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போய் உடலோடு கலந்த பிறகே பயன் தரும்; அதனால் பாடப் போகும்போது ஒரேயடியாகக் குடிப்பதைவிட நாள் முழுதும் சிறிது சிறிதாகக் குடிப்பது மேல்.

மகிழ்ச்சிக்கு என்று நான் செய்வது இரண்டே இரண்டு. ஒத்திகைக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நாற்காலி போட உதவுவேன். வராதவர் யாராவது இருந்தால் அன்று இரவே ஒரு செய்தி அனுப்புவேன். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு நல்ல உறவுகளைத்தான் நல்வாழ்வோடு சேர்த்துப் பேசுகிறது என்று படித்தபோது, நாற்காலி போடுவதை அறிவியல் ஆதரிப்பதாக எடுத்துக்கொண்டேன். சந்தேகப் பேர்வழி அனுமதிப்பாராக.

சந்தேகப் பேர்வழி

அனுமதித்தேன்.

கடைசி வரிசை பேஸ்

இடைவெளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. தோளோடு தோள் உரசி நின்றால் எந்த நிலையும் நிலைக்காது. பக்கத்துக் குரல் காதில் மோதும்போது நம் குரலும் தானாக உயரும். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் கண்ட விளைவு இது. நம் குரல் நமக்குக் கேட்காததால் கத்துகிறோம், கத்துவதற்காகக் கழுத்தை நீட்டுகிறோம். இருவருக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டுப் பாருங்கள். எங்கள் மாஸ்டர் முதலில் மறுத்தார், ஒருமுறை கேட்ட பிறகு அவரே நாற்காலிகளை நகர்த்தினார்.

ஆல்டோ இரண்டாம் வரிசை

எழுபது நாள்கள் கழித்து எழுதுகிறேன். கீழ்முதுகு வலி பெரும்பாலும் போய்விட்டது. பல் துலக்கும்போது பாதங்களைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. “ஸ்” பயிற்சி ஒட்டவில்லை. ஒன்பது நாள் செய்துவிட்டு மறந்தேன், இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறேன். காலணி மாற்றியது எதிர்பார்த்ததைவிடப் பெரிய உதவி. நாற்காலி போட முன்னதாகப் போகிறேன், என்னோடு இப்போது மூன்று பேர் வருகிறார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. நிலை எல்லாம் சரியாக இருக்கும், மாஸ்டர் கையைத் தூக்குவார், முதல் ஸ்வரத்துக்கு முன்பே தலை இசைத்தாளை நோக்கிக் கவிழ்ந்துவிடுகிறது. இசைத்தாள் வைத்த கோப்பினை உயர்த்திப் பிடித்தால் தோள் இறுகுகிறது, தாழ்த்தினால் ஆமை திரும்பி வருகிறது.

பழைய மாஸ்டர்

கோப்பினை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இடது உள்ளங்கையையும் முன்கையையும் தட்டு போல விரித்து அதன்மேல் கோப்பினைக் கிடத்துங்கள். முழங்கை விலாவில் ஒட்டாமல் சற்றே விலகியிருக்கட்டும். வலது கை பக்கம் புரட்ட மட்டும். கோப்பின் மேல்விளிம்புக்கு மேலே மாஸ்டரின் கை தெரியும் உயரம் போதும். தாளைப் பார்க்கத் தலை இறங்க வேண்டாம், கண்கள் மட்டும் இறங்கட்டும். ஒவ்வொரு பகுதியின் முதல் இரண்டு சீர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். தொடங்கும் இடத்தில் தாளே தேவைப்படாவிட்டால் ஆமை வெளியே வரக் காரணம் இராது.

ஆல்டோ இரண்டாம் வரிசை

இரண்டு கைகளாலும்தான் பிடிக்கிறேன். வியாழக்கிழமை ஒத்திகையில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.